9 டாலர் டாங்கிளா, 200 டாலர் பெட்டியா? ஆப்பிள், ஐஃபை ஜென் டேக், ஃபியோ கே7: ஓர் ஒப்பீடு

ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் டாங்கிள் (போனில் செருகும் குட்டி கேபிள்) அமெரிக்காவில் 9 டாலர். ஐஃபை ஜென் டேக் 2019-இல் வந்தபோது 129 டாலர். 2022-இல் வந்த ஃபியோ கே7 கிட்டத்தட்ட 200 டாலர். மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்: டிஜிட்டல் பாட்டை அனலாக் ஆக்கி, ஹெட்ஃபோனை ஓட்டும் வலுவோடு வெளியே அனுப்புவது. விலை இருபது மடங்குக்கு மேல் ஏறும்போது ஒலி எவ்வளவு ஏறுகிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் டிஜிட்டலை அனலாக் ஆக்கும் டேக் (DAC) சிப்பின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஹெட்ஃபோன் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களை: எத்தனை ஓம் (மின் தடை, அதாவது இம்பீடன்ஸ்), எவ்வளவு சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்பது).

சிப் விவகாரத்தை முதலிலேயே முடித்துவிடலாம். டாங்கிளுக்குள் சிரஸ் லாஜிக், ஜென்னில் பர்-பிரவுன் டிஎஸ்டி1793, கே7-இல் ஏகேஎம் நிறுவனத்தின் ஏகே4493எஸ்இக்யூ இரண்டு. "பர்-பிரவுன் என்றாலே கதகதப்பு, ஏகேஎம் என்றாலே மென்மை" என்ற பேச்சுக்கு ஒலி அளவைச் சமப்படுத்திய சோதனையில் ஆதாரம் தேறுவது அரிது. காது கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை மூன்றும் ஏறக்குறைய நேர்கோடு. அளவீட்டுக் கருவியில் கே7 தெளிவாக முந்தும். ஆனால் அது முந்தும் இடம், பாட்டு ஓடும்போது எந்தக் காதுக்கும் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. உண்மையான வேறுபாடுகள் வோல்டேஜ், அவுட்புட் இம்பீடன்ஸ் (கருவியின் சொந்த உள்தடை), அடியில் கிடக்கும் இரைச்சல் ஆகிய மூன்றில்தான் வரும்.

எத்தனை வோல்ட் வேண்டும்?

சாதாரணமாக நாம் கேட்பது 75 முதல் 80 டெசிபல். தவில் தனியாவர்த்தனமோ முழு ஆர்க்கெஸ்ட்ராவோ ஓடினால் சராசரியைவிட 20 டெசிபலுக்கு மேல் உச்சங்கள் எழும். கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து 110 டெசிபல் உச்சம் என்று வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் ஓட்டினால் கெடுவது காதுதான்.

சென்ஹைசர் எச்டி 650-க்கு 300 ஓம், 1 வோல்ட்டில் 103 டெசிபல். 110-ஐத் தொட இன்னும் 7 டெசிபல், அதாவது சுமார் 2.2 வோல்ட் தேவை. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகைக்கு ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 110-க்கு 25 மில்லிவாட், 2.5 வோல்ட். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ வேறு ரகம்: 25 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். 80 மில்லிவாட் கேட்கும். வோல்டேஜ் 1.4 போதும், ஆனால் 57 மில்லியாம்பியர் கரன்ட் இழுக்கும். மூன்ட்ராப் ஏரியா போன்ற இயர்போனுக்கோ (32 ஓம், 1 வோல்ட்டில் 122 டெசிபல்) கால் வோல்ட் தாராளம்.

இந்தக் கணக்கோடு கருவிகளைப் பாருங்கள். ஆப்பிள் டாங்கிள் அதிகபட்சம் 1 வோல்ட் தரும். எச்டி 650-இல் உச்சம் 103 டெசிபல். இன்றைய சினிமாப் பாட்டுகள் மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி குறைய ஏற்கெனவே நெருக்கி மாஸ்டர் செய்யப்பட்டவை என்பதால் அவற்றுக்கு இது போதும். தாழ்ந்த ஒலியில் பதிவான கச்சேரியில் வால்யூம் முழுதும் ஏறிய பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும். எச்இ400எஸ்இ-இல் கணக்குப்படி 107 வரை போகும், ஆனால் டாங்கிள் தன் விளிம்பில் நிற்கும். ஜென் டேக்கின் முதல் பதிப்பு 6.3 மி.மீ துளையில் 3.3 வோல்ட் தரும்: எச்டி 650, டிடி 990 இரண்டும் 112-ஐத் தாண்டிவிடும். கே7-இன் சாதாரணத் துளை 32 ஓமில் 1,220 மில்லிவாட், பேலன்ஸ்டு துளை (இடது வலது இரண்டுக்கும் எதிர்முனை தனித்தனியாக உள்ளது) 2,000 மில்லிவாட். முந்தையது சுமார் 6.2 வோல்ட், பிந்தையது 8 வோல்ட். மேலே சொன்ன எந்த ஹெட்ஃபோனுக்கும் இதில் பாதிகூடத் தேவையில்லை. ஹைஃபைமேன் எச்இ6 மாதிரி 83.5 டெசிபல் முரடுகளுக்குத்தான் இந்த வலு பயன்படும்.

டாங்கிள் வாங்குபவர்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஐரோப்பாவுக்கான ஏ2155 மாடல் அரை வோல்ட் மட்டுமே தரும். அங்குள்ள ஒலி அளவுக் கட்டுப்பாடு காரணம். 1 வோல்ட் தருவது ஏ2049. எண் கேபிளிலேயே பொடியாக அச்சாகியிருக்கும், வாங்குமுன் பாருங்கள். இரண்டாவது, ஆண்ட்ராய்டு. டாங்கிளுக்குள் தனியாக ஒரு ஹார்டுவேர் வால்யூம் உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்கள் அதை ஏற்றாமல் தாழ்விலேயே விட்டுவிடுகின்றன. போனில் வால்யூம் முழுதும் வைத்தும் ஓசை மந்தமாக வருவது இதனால்தான். யூஎஸ்பி ஆடியோ ப்ளேயர் ப்ரோ போன்ற, யூஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேசும் செயலியில் ஹார்டுவேர் வால்யூமை முழுதாக ஏற்றினால் சரியாகும். ஆனால் யூடியூபுக்கும் மற்றச் செயலிகளுக்கும் அது உதவாது. ஐபோன் 15-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் மேக்கிலும் இந்தத் தொல்லை இல்லை. "ஆப்பிள் டாங்கிளில் உயிரே இல்லை" என்று எழுதுபவர்களில் கணிசமானோர் இந்த ஆண்ட்ராய்டு வழியில் கேட்டவர்களாக இருக்கலாம்.

அவுட்புட் இம்பீடன்ஸ்

உண்மையாகவே டோன் மாறும் இடம் இது. பல டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) கொண்ட இயர்போனின் இம்பீடன்ஸ் ஒரு அதிர்வெண்ணில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று அலையும். ஆம்ப்பின் (ஹெட்ஃபோனை ஓட்டும் பெருக்கியின்) அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால் 8 ஓம் இடத்தில் 7 டெசிபல் இழப்பு, 40 ஓம் இடத்தில் 2 டெசிபல் இழப்பு. ஒரே இயர்போனில் 5 டெசிபல் வளைவு! ஈக்வலைசரைத் திருகியது போலத்தான். 1 ஓம் ஆம்ப்பில் அதே வளைவு 0.8 டெசிபல். ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழ் ஆம்ப் இருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்தது. நமது மூன்றும் 1 ஓம் அக்கம்பக்கம். இங்கே யாருக்கும் தோல்வி இல்லை. பழைய ரிசீவர்களிலும் சில லேப்டாப் துளைகளிலும்தான் பல பத்து ஓம் கிடக்கும். அவற்றிலிருந்து 9 டாலர் டாங்கிளுக்கு மாறினாலே பல இயர்போன்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரைச்சல்

1 வோல்ட்டில் 120 டெசிபல் தரும் இயர்போனை வைத்துக்கொள்வோம். ஆம்ப்பின் அடி இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்றால் காதில் 20 டெசிபல் 'உஸ்' கேட்கும். நள்ளிரவில் தெரியும், மின்விசிறி ஓடினால் தெரியாது. 2 மைக்ரோவோல்ட் என்றால் 6 டெசிபல், எப்போதும் தெரியாது. சோதிக்க, பாட்டை நிறுத்திவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு கருவியை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். எண்பதுகளின் கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டை ஓட்டி இதைத் தீர்மானிக்காதீர்கள், அந்த 'உஸ்' பாட்டிலேயே இருக்கிறது.

இயர்போனுக்குப் பெரிய ஆம்ப்பால் வரும் இன்னொரு தலைவலி வால்யூம் குமிழ். 120 டெசிபல் இயர்போனில் 75 டெசிபல் கேட்க 5.6 மில்லிவோல்ட் போதும். 6 வோல்ட் பெட்டியில் அது குமிழின் ஆரம்ப மூலை. ஜென்னில் இருப்பது போன்ற அனலாக் குமிழ்களில் அந்த மூலையில் இடது வலது சமமாக இருக்காது, பாடுபவர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பார். கெயினை (பெருக்கும் மடங்கை) குறையுங்கள், ஜென்னில் பவர்மேட்ச் பொத்தானை அணைப்பதுதான் அது. அதுவும் போதாவிட்டால் கம்ப்யூட்டரில் 20 டெசிபல் குறைத்துவிட்டுக் குமிழை மேலே கொண்டுவாருங்கள். 24 பிட்டில் ஓடினால் இதனால் தரம் கெடாது.

இரைச்சலும் 'கொய்ங்' சத்தமும் வேறு. மவுஸை நகர்த்தும்போது கொய்ங் மாறினால் அது கம்ப்யூட்டரின் மின்சாரத்திலிருந்தோ எர்த் வளையத்திலிருந்தோ (இரண்டு வழிகளில் எர்த் இணைவதால் உருவாகும் சுற்று) வருகிறது. முன்பக்க யூஎஸ்பி துளையைவிட்டுப் பின்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஜென்னுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுக்கலாம். கே7-ஐ ஆர்சிஏ வழியாக ஸ்பீக்கருக்கும் இணைத்திருந்து 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால், யூஎஸ்பியைக் கழற்றி ஆப்டிகலில் கொடுங்கள். ஒளி வழியே எர்த் வளையம் உருவாகாது. ஜென்னில் யூஎஸ்பி தவிர வேறு உள்ளீடு கிடையாது என்பது இங்கே அதன் பெரிய குறை. மௌனத்தில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றால் யூஎஸ்பி மின்சாரத்தைச் சுத்தப்படுத்துவதாக விற்கும் 'யூஎஸ்பி கிளீனர்' பக்கமே போகாதீர்கள். அது தீர்க்க நோய் எதுவும் இல்லை.

காதால் ஒப்பிடும் முறை

இரண்டு கருவிகளில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது கூடுதல் ஓசை என்று மூளைக்குப் படாது. தெளிவு, பேஸ், மேடை அகலம் என்றுதான் படும். ஆகவே சமப்படுத்தாத ஒப்பீடு எதுவும் கணக்கில் வராது.

மல்டிமீட்டரில் 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் இருக்க வேண்டும். கடையெங்கும் கிடைக்கும் மஞ்சள் நிற 830டி மீட்டரில் ஏசிக்கு 200, 750 வோல்ட் மட்டுமே இருக்கும்; இதற்கு உதவாது. ஒய்-பிரிப்பான் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டியபடியே அளக்க வேண்டும், சுமையில்லாமல் அளந்தால் எண் மாறும். முதலில் டாங்கிளில் பாட்டை வசதியான அளவில் வையுங்கள். அதில் வால்யூம் படிப்படியாகத்தான் நகரும், நுணுக்கமாகத் திருக முடியாது, எனவே அதை நிலையாக வைத்துக் குமிழ் உள்ள கருவியை அதற்கு இணையாக்குவதே சுலபம். ஹெட்ஃபோனைத் தலையிலிருந்து கழற்றிவிட்டு 300 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓட்டி அளவெடுங்கள். சாதாரண மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பத்தக்கவை, 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மீட்டர் 0.212 வோல்ட் காட்டினால் மற்றதை 0.210-க்கும் 0.214-க்கும் இடையே நிறுத்துங்கள். ஒரு சதவீதம் என்பது 0.1 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு.

விண்டோஸில் ஒரு கண்ணி உண்டு. 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்', டால்பி போன்றவை கருவிக்குக் கருவி தனித்தனியாக இயங்கும். ஒன்றில் ஆன், இன்னொன்றில் ஆஃப் என்றால் நீங்கள் ஒப்பிடுவது சாஃப்ட்வேரை. ஜென்னில் ட்ரூபேஸ் பொத்தான் அழுந்தியிருந்தாலும் அதே கதை. அது தாழ்ந்த பேஸை வேண்டுமென்றே உயர்த்தும். திறந்த வகை ஹெட்ஃபோனில் கேட்க இனிமைதான், ஆனால் அதை வைத்து "ஜென்னில் பேஸ் கனம்" என்று தீர்ப்பெழுதக் கூடாது.

பிறகு வேறொருவர் உங்களுக்குத் தெரியாமல் மாற்றட்டும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே. 10-இல் 7 எல்லாம் ஒன்றுக்கும் ஆகாது.

4.4 மி.மீ பேலன்ஸ்டு துளை பற்றிய பரவசமும் இந்த வகைதான். முதல் ஜென் டேக்கில் 3.3 வோல்ட் அங்கே 6.2 ஆகிறது, ஐந்தரை டெசிபல் கூடுதல். குமிழைத் தொடாமல் கேபிளை மட்டும் மாற்றிக் கேட்டால் யாருக்கும் அது "திறந்துகொண்ட" ஒலியாகவே படும். வோல்டேஜ் பற்றாத ஹெட்ஃபோனுக்கு அந்தத் துளை பயன். மற்றபடி 3,000 ரூபாய் கேபிள் அவசரமில்லை. ஒன்று கவனம்: 4.4-இலிருந்து சாதாரண 3.5-க்கு மாற்றும் அடாப்டரைப் போட்டால் இரு பக்க எதிர்முனைகளும் ஒன்றாகிவிடும். ஆம்ப் எரியும் வழி அது.

டேக் ஏற்கெனவே கையில் இருந்தால்

தனி ஆம்ப் மட்டும் தேடுபவர்களுக்கு ஓ2 இன்னும் உயிரோடிருக்கும் பெயர். 2011-இல் என்டபிள்யூஆவ்கை என்ற புனைபெயரில் மறைந்திருந்த பொறியாளர் ஒருவர் சர்க்யூட்டையே பொதுவில் வைத்தார். இரண்டு என்ஜேஎம்4556 சிப்புகள், அரை ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ், சுமார் 7 வோல்ட். இன்றைக்கும் போதுமானது. தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. அதற்கு வேண்டியது ஏசி வெளியிடும் அடாப்டர். வீட்டில் கிடக்கும் டிசி அடாப்டரைச் செருகினால் ஒரு பக்க மின்சாரம்தான் உருவாகும், வேலை செய்யாது. வால்யூம் குமிழ் கெயின் கட்டத்துக்குப் பிறகு இருப்பதால், 2 வோல்ட் டேக்கைக் கொடுத்து 6.5 மடங்கு கெயின் வைத்தால் 13 வோல்ட் தேடி முட்டி ஒலி அலையின் உச்சி நசுங்கும். குமிழைக் குறைத்தாலும் நசுங்கல் போகாது. 2.5 மடங்கில் வையுங்கள், 5 வோல்ட்டில் அடங்கும்.

வாங்கும் முடிவு

இயர்போனும் 32 ஓம் சாதாரண ஹெட்ஃபோனும் மட்டும் என்றால் ஏ2049 டாங்கிள், ஆண்ட்ராய்டு அல்லாத கருவியில். எச்டி 650, டிடி 990 வைத்துக் கச்சேரி கேட்பவருக்கு ஜென் டேக், அல்லது பயன்படுத்திய ஓ2-வும் ஒரு நல்ல டேக்கும். கே7-க்கு 12 வோல்ட் அடாப்டரும் மேஜையில் இடமும் வேண்டும். டிவி ஆப்டிகல், கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டிப்போட நினைப்பவருக்கும், எச்இ400எஸ்இ போன்ற பிளேனர் ஹெட்ஃபோன் சேர்த்துக்கொண்டே போகிறவருக்கும் அது பொருந்தும். அதில் இயர்போன் மாட்டும் முன் கெயின் 'லோ'வில் இருக்கிறதா, குமிழ் அடியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காதில் வையுங்கள்.