செவ்வாய்ப்பேட்டை இசைத்தட்டுக் கடையை நம்பிக் கேசட் கொடுக்கலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், பெயர்ப் பலகைகூடச் சரியாகத் தெரியாத சந்துக் கடை. பழைய தட்டு, கேசட் விற்கிறார்கள். அவற்றை பென்டிரைவில் ஏற்றியும் தருகிறார்கள். இந்த இரண்டாவது வேலைக்காகவே போகலாம்.

தட்டுகளை நடிகர் வாரியாக அடுக்காமல், யார் கையில் புழங்கியவை என்று பார்த்து அடுக்கியிருப்பது நல்ல யோசனை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளுக்கு (சுருக்கமாக ‘78’) தனி அலமாரி. ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் ஓடும். பல்லவி, சரணமெல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மைக் செட்காரர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தூக்கித் திரிந்த ஈ.பி.க்கள் (சில பாட்டுகளே கொண்ட சிறு தட்டுகள்), கதை வசன எல்.பி.க்கள் (நெடுநேரம் ஓடும் பெரிய தட்டுகள்) அடுத்தது. மீதி முழுக்கக் கேசட். தட்டு வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு எண்பதுகளில் பாட்டு வந்தது இதில்தான். துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து தருவார்கள். தட்டு அடிக்க ஆலை வேண்டும், கேசட்டுக்கு டூப்ளிகேட்டர் போதும். அம்மன் பாட்டும் கானாவும் கிராமியப் பாட்டும் சினிமாவை நம்பாமல் கடைக்கு வந்தது அதனால்தான். ஆடித் திருவிழாப் பம்பை, உடுக்கைக் கேசட்டுகள் இங்கே பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. பல உறைகளில் பாடியவர் பெயரே இல்லை. போட்டுக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வேலைத்தரம் பரவாயில்லை, சொல்லப்போனால் நன்றாகவே இருக்கிறது. 78-ன் பள்ளம் அகலம், சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும், அதை மாட்டுகிறார்கள். 1 மில்லுக்கும் சிறிய எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் அள்ளித் தரும். துடைக்க ஸ்பிரிட் தொடுவதில்லை, அரக்கு அதில் கரையும். கேசட்டில் முதலில், நாடாவை ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பேடைப் பார்க்கிறார்கள். அது கழன்றிருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். பிறகு ஹெட்டை ஒட்டிய திருகை, ஜால்ரா பளிச்சென்று கேட்கும்வரை மெல்லத் திருப்புகிறார்கள். பதிந்த மிஷினும் ஓட்டும் மிஷினும் ஹெட் சாய்வில் ஒத்துப்போகாவிட்டால் முதலில் காணாமல் போவது அந்தச் சத்தம்தான்.

இரைச்சல் நீக்குவதில் மட்டும் கை தாராளம். உடுக்கையின் கமறலும் அதோடு போய்விடுகிறது. ‘நாய்ஸ் ரிடக்ஷன் (இரைச்சல் நீக்கம்) போடாத வேவ் ஃபைலும் (எம்பி3 போலச் சுருக்காத ஒலிக்கோப்பு) வேணும்’ என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் எம்பி3 மட்டும்தான். பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டில் ஓட்டிப் பார்க்காமல் கொடுங்கள், 90 நிமிட நாடா மெல்லிசு, சிக்கினால் அறுந்துவிடும்.

தட்டு வாங்குவதென்றால், சேலத்தில் இருந்த சினிமாக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டுகளுக்கு ஊர்ப் பாசத்தையும் சேர்த்து விலை சொல்வார்கள், பேரம் பேசலாம். 78-ஐ விளிம்பில் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும்.