இலவசம் சரி, சாவி யார் கையில்?

தனியார் சேர்த்த கலைப்பொருள்களை இலவசமாகப் பார்க்கலாம் என்கிறார்கள், ஆனால் அவற்றின்மேல் யார் சொல் எடுபடும்? ஒரு கதையிலிருந்து தொடங்குவோம். சர் வில்லியம் பர்ரெல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கப்பல் முதலாளி. வாழ்நாள் முழுக்க வாங்கிச் சேர்த்த கலைப்பொருள்களை 1944-இல் தன் ஊர் மாநகராட்சிக்கே எழுதிக் கொடுத்தார். கட்டடத்துக்கென்று தனியே பணமும் கொடுத்தார். ஆனால் நிபந்தனை போட்டார்: அருங்காட்சியகம் நகர மையத்திலிருந்து 16 மைலாவது தள்ளி இருக்க வேண்டும். காரணம் நியாயமானதுதான். அன்றைய கிளாஸ்கோ நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்த ஊர். அவரிடம் இருந்ததோ பல நூற்றாண்டுப் பழமையான சித்திரத் திரைச்சீலைகள். நூல் நூலாகக் கறுத்துவிடும் என்று பயந்தார்.

அந்த 16 மைலுக்கு அப்பால் தோதான இடம் அமையவே இல்லை. 1958-இல் 96 வயதில் பர்ரெல் இறந்தார். 1967-இல் போலோக் தோட்டம் மாநகராட்சிக்குக் கிடைத்த பிறகுதான் வழி பிறந்தது. அதுவும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதற்குள் புகைத் தடைச் சட்டம் வந்து காற்றும் தெளிந்துவிட்டதால், பொறுப்பாளர்கள் மனமிரங்கினார்கள். கதவு திறந்தது 1983-இல். கொடுத்த நாளிலிருந்து 39 ஆண்டுகள்! அதோடு முடிந்ததா? கூரை ஒழுக ஆரம்பித்தது. 2016-இல் மூடி, 6.8 கோடி பவுண்டு செலவில் பழுது பார்த்து, 2022-இல் மறுபடி திறந்தார்கள். புகைக்குப் பயந்து ஊரைத் தாண்டிப் போகச் சொன்னார் மனிதர், கடைசியில் உள்ளே வந்தது மழை.

இன்னொரு நிபந்தனை இதைவிட வேடிக்கை. பொருள்கள் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது, கடல் பயணத்தில் சேதமாகும் என்றார். கப்பலில் சம்பாதித்தவருக்கே கப்பல்மேல் நம்பிக்கை இல்லை! அதை விலக்க 2014-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தனியார் கலைச் சேகரங்களைப் பொறுத்தவரை பார்த்துத்தான் ஆக வேண்டும். டிக்கெட் இல்லை என்பது வாசலோடு முடிந்துபோகிற விஷயம். படம் எங்கே தொங்கும், கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது, கொடுத்தவர் போன பிறகு யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பத்திரங்களை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

லண்டன் வாலஸ் சேகரமும் பர்ரெல் ரகம்தான். சீமாட்டி வாலஸ் 1897-இல் நாட்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். 1900-இல் வாலஸ் குடும்பத்தின் பழைய மாளிகையிலேயே பொதுமக்களுக்குத் திறந்தார்கள், இன்றுவரை கட்டணம் கிடையாது. வேறு கலைப்பொருள்களோடு கலக்கக் கூடாது என்பது உயிலின் வாசகம். அதற்கு ‘எதுவும் வெளியே போகக் கூடாது’ என்று பொருள் கொண்டு நூறு வருஷத்துக்கும் மேல் காவல் காத்தார்கள். 2019-இல்தான் தற்காலிக இரவல் கொடுக்கலாம் என்று முடிவானது. முதலில் போனது டிஷியனின் பெர்சியஸ் ஓவியம், அதே ஊரில் இருக்கும் நேஷனல் கேலரிக்கு! இருந்தாலும் வாலஸ் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இடம் மாறாததால், பணக்கார வீட்டுக் கூடத்தில் நின்று பார்க்கிற உணர்வு அங்கே அப்படியே இருக்கிறது.

இவர்களுக்கு நேர் எதிர் ஆண்ட்ரூ மெலன். அமெரிக்காவின் நிதிச் செயலராக இருந்தவர். 1930-31-இல் பணத் தட்டுப்பாட்டில் இருந்த சோவியத் அரசு ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை ரகசியமாக விற்றபோது, 21 படங்களை வாங்கினார். ரஃபேலின் ‘ஆல்பா மடோனா’ அதில் ஒன்று. பிறகு எல்லாவற்றையும் நாட்டுக்கே தந்தார், வாஷிங்டனில் கட்டடமும் கட்டிக் கொடுத்தார். பராமரிப்புச் செலவு அரசாங்கத்தினுடையது என்று 1937-இல் நாடாளுமன்றத்தில் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொண்டார். தன் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட் மேலேயே உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கிறோமே, அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியவே நேரமாகும். அடக்கம் மட்டும் காரணமில்லை, அதில் கணக்கும் இருந்தது. மெலன் பெயர் போட்ட கட்டடத்துக்கு இன்னொரு கோடீஸ்வரர் எதற்குப் படம் கொடுப்பார்? பெயர் இல்லாததால் கிரெஸ்ஸும் வைடனரும் தங்கள் சேகரங்களோடு வந்தார்கள்.

மெலன் புனிதர் என்று சொல்ல வரவில்லை. இந்தக் கொடையைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர்மேல் வரி வழக்கும் நடந்தது. குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1941-இல் அவர் கட்டிக் கொடுத்த வாஷிங்டன் நேஷனல் கேலரி திறந்ததையும் பார்க்கவில்லை. ஆனாலும் பத்திரத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் என் கணக்கில் முதலிடம் இவருக்குத்தான்.

இனி, கொடுக்காமலே காட்டுகிறவர்கள். லாஸ் ஏஞ்சலிஸின் கோடீஸ்வரர் ஈலை பிராட் 1984-லேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி, புத்தகம் இரவல் கொடுக்கும் நூலகம் மாதிரிப் படங்களை மற்ற அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நகரின் பெரிய அருங்காட்சியகத்துக்கே மொத்தத்தையும் தந்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தபோது, 2008-இல் கையை விரித்தார். கொடுத்தால் பெரும்பகுதி கிடங்கில்தான் தூங்கும் என்பது அவர் வாதம். 2015-இல் சொந்தமாக ‘தி பிராட்’ கட்டினார். சுமார் 2,000 படைப்புகள், அனுமதி இலவசம். அங்கும் ஒரு நேரத்தில் ஒரு பகுதியைத்தான் சுவரில் மாட்ட முடியும்! மிச்சம் கட்டடத்தின் நடுவயிற்றில் கிடங்காக இருக்கிறது. படிக்கட்டில் இறங்கும்போது கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் கம்பிச் சட்டங்களில் ஓவியங்கள் வரிசையாகத் தொங்குவது தெரியும். ஒளித்து வைக்காமல் ‘இதோ, இவ்வளவு இருக்கிறது’ என்று காட்டிவிடுகிற அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் கிளென்ஸ்டோன் என்ற தனியார் அருங்காட்சியகம் வேறு மாதிரி. உரிமையாளர்களின் வீட்டை ஒட்டிய இடம், நூற்றுக்கணக்கான ஏக்கர் புல்வெளி. முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. 2018-இல் பெரிதாக்கியபோது, பொதுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு முன்பதிவே வேண்டாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். நல்ல யோசனை, கார் இல்லாதவருக்கு இலவச டிக்கெட்டால் என்ன லாபம்? 2015-இல் செனட் நிதிக் குழுத் தலைவர் ஓரின் ஹாட்ச், பிராட், கிளென்ஸ்டோன் உள்படப் பல தனியார் அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதினார். எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறீர்கள், எத்தனை பேர் வருகிறார்கள், எதையெல்லாம் இரவல் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டது சரிதான். அறக்கட்டளை என்ற பெயரில் வரிச்சலுகை பெறும்போது பொதுமக்கள் டிக்கெட் காசை ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆளைத் தேடிப் படம் போகிற வழியும் ஒன்று உண்டு. பிரிட்டனில் கலைப்பொருள் வியாபாரி ஆண்டனி டோஃபே 2008-இல் 725 படைப்புகளை, சந்தை மதிப்பில் ஒரு சிறு பங்கான 2.65 கோடி பவுண்டுக்கு டேட் அருங்காட்சியகத்துக்கும் ஸ்காட்லாந்து தேசிய கேலரிகளுக்கும் கொடுத்தார். பாதி தானம், பாதி வியாபாரம். அவை சிற்றூர்களுக்கெல்லாம் சுற்றுகின்றன.

நம் நாட்டில் டெல்லியின் கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் 2010 முதல் இருக்கிறது. கணவர் சிவ் நாடார் தூத்துக்குடிச் சீமைக்காரர் என்பது நமக்குள்ள சின்னச் சொந்தம். 16.42 கோடி ரூபாய்க்கு ஏலம் போன ஓவியர் ரசாவின் ‘சௌராஷ்ட்ரா’வை வாங்கியவர்கள் இவர்கள்தான். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த விலை இல்லை, டெல்லியின் சாகேத் பகுதியில் இடம் பிடித்த விதம். ஷாப்பிங் மாலுக்குள் வைத்தார்கள். அருங்காட்சியகம் என்றாலே வாசலில் தயங்குகிறவர் மாலுக்குள் நுழையத் தயங்க மாட்டார். செருப்பு வாங்க வந்தவர் கையில் பையோடு ரசா முன்னால் நிற்கலாம். பெரிய தூண் வைத்த மாளிகையால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்கு என்னை அனுப்புவதாக இருந்தால் ஹூஸ்டன் மெனில் சேகரத்தைத்தான் கேட்பேன். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலில் வந்த பணம். கணவர் 1973-இல் போன பிறகு டொமினிக் டி மெனில் நின்று நடத்தி 1987-இல் திறந்தார். சுற்றிலும் சாதாரண ஓட்டு வீடுகள் மாதிரியான சின்ன வீடுகள், எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில். அருங்காட்சியகமும் அதே நிறத்தில், தெருவோடு தெருவாகக் குனிந்து நிற்கிறது. நுழையக் கட்டணமில்லை. படத்துக்குப் பக்கத்தில் நீட்டி முழக்கும் விளக்கமும் இல்லை. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ கூரைக்குக் கீழே இலை இலையாக வளைந்த சிமென்ட் தகடுகளை வைத்து, டெக்சாஸ் வெயிலை வடிகட்டி உள்ளே விட்டிருக்கிறார். வெளியே மேகம் ஒன்று சூரியனை மறைத்தால், மாக்ரிட் ஓவியத்தின் மேலும் வெளிச்சம் ஒரு நிமிடம் மங்கும். வெயில் திரும்பும் வரை நிற்கலாம். பொறுமை இல்லையென்றால் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரலாம்.