டெட் ஹீத்தா, ஜோ லாஸா: உட்கார்ந்து கேட்ட பேண்டும் எழுந்து ஆடிய பேண்டும்

ஜோடி ஜோடியாக ஆடுபவர்களுக்காக வாசித்த பிரிட்டனின் டான்ஸ் பேண்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அடையாள மெட்டு வைத்திருந்தன. அப்படிப்பட்ட பேண்டுகளின் தலைவர்கள்தான் டெட் ஹீத்தும் ஜோ லாஸும். வானொலியில் அதன் முதல் வரி கேட்டதுமே இன்று வாசிக்கப்போவது யார் என்று வீட்டில் தெரிந்துவிடும். ஹீத்தின் மெட்டுக்குப் பெயர் 'லிசன் டு மை மியூசிக்', அதாவது 'என் இசையைக் கேளுங்கள்'. லாஸ் 1940இல் பதிவு செய்து கடைசிவரை கைவிடாத மெட்டு 'இன் த மூட்'. கிளென் மில்லர் அமெரிக்காவில் பிரபலமாக்கியது அது. கேட்டால் கால் சும்மா இருக்காது. கேளுங்கள் என்கிறார் ஒருவர், ஆடுங்கள் என்கிறார் மற்றவர். இவர்களில் யார் பெரியவர் என்ற கேள்விக்கு என் பதிலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இருவருமே லண்டன்காரர்கள். ஹீத் 1902இல் வான்ஸ்வொர்த்தில் பிறந்தவர். அப்பா உள்ளூர் பிராஸ் பேண்டை நடத்தியவர். முதல் உலகப்போர் முடிந்த பிறகு வேலையில்லாமல் தெருவில் வாசித்துக் காசு சேர்த்த நாட்களும் ஹீத்துக்கு உண்டு. அதன்பின் ஜாக் ஹில்டன், அம்ப்ரோஸ், சிட்னி லிப்டன், ஜெரால்டோ என்று பேண்ட் தலைவர்கள் ஒவ்வொருவரிடமாக டிராம்போன் வாசித்தார். சொந்த பேண்ட் தொடங்கும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. லாஸ் 1909இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது வயலின். இருபதை ஒட்டிய வயதிலேயே, 1930இல், அஸ்டோரியா பால்ரூம் என்ற நடனக்கூடத்தில் பேண்டுக்குத் தலைவராக நின்றுவிட்டார்.

இந்த வேறுபாடு முக்கியம். இருபது ஆண்டுகளுக்கு மேல் பேண்டின் உள்ளே உட்கார்ந்திருந்த ஹீத்துக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் மூச்சு எங்கே பிசகுகிறது என்று தெரியும். லாஸுக்கோ முதல் நாளிலிருந்தே கண் ஆடுகளத்தின் மீதுதான்.

ஹீத்துக்குப் பேண்ட் வைக்கப் பணம் கிடைத்த கதையில் ஜெரால்டோவும் வருகிறார். இயற்பெயர் ஜெரால்ட் பிரைட். 1930இல் சவாய் ஹோட்டலில் டாங்கோ வாசித்துப் பேர் வாங்கி, போர்க்காலத்தில் பிபிசியின் பெரிய பேண்டுகளில் ஒன்றை நடத்தியவர். ஹீத்தும் மனைவி மொய்ராவும் எழுதிய 'தட் லவ்லி வீக்கெண்ட்' என்ற பாடலை ஜெரால்டோவின் பேண்ட் வாசித்துப் பிரபலமாக்கியது. அந்தப் பாடலின் ராயல்டிதான் ஹீத்தின் பேண்டுக்கு முதலீடானது. பிற்காலத்தில் அட்லாண்டிக் கப்பல்களுக்கு இசைக்கலைஞர்களை அனுப்பும் ஏஜென்சியையும் ஜெரால்டோ நடத்தினார். கப்பல் நியூயார்க்கில் நிற்கும் நேரத்தில் இறங்கிப் போய் பீபாப் என்ற புதுவகை ஜாஸை நேரில் கேட்டுவிட்டு வந்த பிரிட்டிஷ் இளைஞர்களில், பின்னாளில் ஜாஸில் பேர் வாங்கிய ரானி ஸ்காட்டும் ஜான் டாங்க்வொர்த்தும் உண்டு. ஜெரால்டோவுக்கே தனிக் கட்டுரை தேவைப்படும். இங்கே இது போதும்.

ஹீத்தின் பேண்ட் எப்படி ஒலித்தது? நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், ஐந்து சாக்ஸஃபோன், கூடவே பியானோ, பேஸ், டிரம்ஸ். இத்தனை பேரும் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே இடத்தில் நிறுத்துவார்கள். டெக்கா நிறுவனத்தின் பதிவுத் தரமும் சேர்ந்துகொண்டதால் ஐம்பதுகளின் இசைத்தட்டுகள் இன்றும் பளிச்சென்று ஒலிக்கின்றன. அமெரிக்காவின் டாட் டேமரன் இவர்களுக்கு, எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று பாடல்களை அரேஞ்ச் செய்து கொடுத்திருக்கிறார். டிரம்பெட்டில் கென்னி பேக்கர், டிராம்போனில் டான் லஷர், டிரம்ஸில் முதலில் ஜாக் பார்னெல், பிறகு ரானி வெரெல். எழுபதுகளில் வந்த பொம்மைத் தொலைக்காட்சித் தொடர் 'மப்பெட் ஷோ' பார்த்தவர்கள் இந்தக் கடைசி இருவரையும் அறியாமலே கேட்டிருப்பார்கள்: பார்னெல் அதன் இசைக்குழுவை நடத்தினார், அனிமல் என்ற பொம்மை வெளுத்துக்கட்டும் டிரம்ஸ் வெரெல் வாசித்தது.

எல்லாவற்றையும்விட, ஹீத் மக்களை நாற்காலியில் உட்கார வைத்தார். 1945 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள், லண்டன் பலேடியம் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஸ்விங் என்ற துள்ளல் ஜாஸ் கச்சேரிகள். ஆடுவதற்கு இடமே கிடையாது. டான்ஸ் பேண்ட் என்று பிறந்த ஒன்றை, சபாவில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேட்க வைத்தது பெரிய காரியம். அவரிடம் நான் காணும் குறையும் இதனோடு ஒட்டியதே. ஸ்டுடியோவில் பதிவான மெதுவான பாடல்கள் சிலவற்றில் எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் இருக்கும், சூடு இருக்காது. பலேடியம் நேரடிப் பதிவுகளில் அந்தக் குறை தெரியாது.

லாஸின் திறமையை இசை ரசிகர்கள் குறைத்தே மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். அது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆடுபவர்களுக்கு வாசிப்பது தனி வித்தை. ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட் என்ற மெதுவான ஆட்டம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 30 பார் (நம் தாள ஆவர்த்தனம் போன்றது), குவிக்ஸ்டெப் என்ற வேகமான ஆட்டம் என்றால் சுமார் 50. காலப்பிரமாணம் ஒரு இழை நழுவினாலும் தரையில் இருக்கும் நூறு ஜோடிகளுக்கும் காலில் தெரிந்துவிடும். கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசிப்பவர் மணமேடையில் ஒரு கண் வைத்துக்கொண்டே வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உழைப்பு புரியும். இந்தக் கண்டிப்பை எல்லைவரை கொண்டுபோனவர் விக்டர் சில்வெஸ்டர், 1922இன் பால்ரூம் உலக சாம்பியன். அவருடைய தட்டுகள் நடனம் பழகுவதற்கு அருமையானவை. சும்மா உட்கார்ந்து கேட்க என்னால் முடியவில்லை. லாஸ் அந்தக் கட்டுப்பாட்டையும் விடவில்லை, பித்தளை வாத்தியங்களின் உற்சாகத்தையும் விடவில்லை. மேடையில் பேட்டன் என்ற நடத்துகோலை வீசித் துள்ளிக்கொண்டே நடத்துவார்.

பாடகர்களைப் பொறுத்தவரை யாரும் யாருக்கும் சளைத்தவரில்லை. போர்க்காலத்தில் பிரிட்டன் கொண்டாடிய பாடகி வேரா லின் 1935இல் முதன்முதலாக வானொலியில் பாடியது லாஸின் பேண்டோடு. ஹீத்திடம் டிக்கி வாலண்டைன், டென்னிஸ் லோட்டிஸ், லிட்டா ரோசா மூவரும் இருந்தார்கள்.

ஹீத்தின் உச்சம் 1956. முப்பதுகளின் நடுவிலிருந்தே, இசைக்கலைஞர் சங்கங்களின் சண்டையால், அமெரிக்க பேண்டுகள் பிரிட்டனுக்கு வரவும் பிரிட்டிஷ் பேண்டுகள் அங்கே போகவும் வழி அடைபட்டிருந்தது. அமெரிக்க பேண்ட் தலைவர் ஸ்டான் கென்டன் பிரிட்டனுக்கு, ஹீத் அமெரிக்காவுக்கு என்ற பண்டமாற்றில்தான் அது திறந்தது. ஹீத்தின் அந்தப் பயணத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலும் உடன் இருந்தார். ஏப்ரல் 10 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் கோல் பாடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை இனவெறியர்கள் மேடையேறி அவரைத் தாக்கினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தது ஹீத்தின் பேண்ட். கலவரத்தை அடக்க அவர்கள் வாசித்த மெட்டு, பிரிட்டனில் தேசிய கீதம். அதே மெட்டில் அமெரிக்கர்களும் தங்கள் நாட்டுப் பாடல் ஒன்றைப் பாடுவார்கள். மே 1 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்து அந்தப் பயணத்தை முடித்தார்கள். அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் மூன்று வாரம் முன்பு நடந்தது எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

அறுபதுகளில் லாஸின் கை ஓங்கியது. ராக் அண்ட் ரோல் வந்து பெரிய பேண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோது, அவர் லண்டனின் ஹாமர்ஸ்மித் பலே என்ற நடனக்கூடத்தில் நிலைகொண்டு, வந்த புது ஆட்டத்தையெல்லாம் வாசித்தார். 1961இல் சா-சா-சா, 1962இல் மேடிசன், 1964இல் 'மார்ச் ஆஃப் தி மாட்ஸ்' என்ற மெட்டு. 1963 நவம்பர் 4 அன்று அரச குடும்பத்தின் முன் பீட்டில்ஸ் பாடிய அதே நிகழ்ச்சியில் லாஸின் பேண்டும் இருந்தது. அந்தப் பேண்டில் பாடிய ராஸ் மக்மேனஸின் மகன்தான் பின்னாளில் புகழ்பெற்ற ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ. ஹீத்தோ 1964இல் நோயில் விழுந்து 1969இல் காலமானார். லாஸ் 1990வரை இருந்தார்.

பேண்ட் என்ற அளவில் ஹீத்துடையதே உயர்ந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதன்முறை கேட்கப்போகிறவர் பலேடியம் நேரடிப் பதிவுகளில் தொடங்கலாம், நல்ல ஹெட்போனோடு, நடுவில் பேச்சில்லாமல். லாஸுக்கு ஹெட்போன் வேண்டாம். கூடத்து மேசையை ஓரமாக நகர்த்திவிட்டு, ஸ்பீக்கரைத் திறந்து வைத்து, வீட்டில் யாரையாவது கையைப் பிடித்து எழுப்பிக்கொள்ளுங்கள்.