சாயம் பூசிய பட்டாணி விதை: வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒசூரில் ஐப்பசி பிறந்ததும் இரவில் குளிர் இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், வீட்டின் பின்புறத் தோட்டத்தில் பத்தடிப் பாத்தி ஒன்றைப் பட்டாணிக்கென்றே ஒதுக்கி, தொழுவுரம் இட்டு, கொடி பற்றி ஏற மூங்கில் குச்சிகளும் ஊன்றி வைத்திருந்தேன். விதையைச் சமூக வலைத்தளத்தில் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன்; ஏமாந்தது அங்கேதான்.

ஆர்க்கல் ரகம், நூறு விதை, 180 ரூபாய் என்பது பேச்சு. வந்து சேர்ந்த நெகிழிப் பையில் ரகத்தின் பெயரோ, முளைப்புத்திறனோ, சோதித்த நாளோ இல்லை. ‘பட்டாணி’ என்று பேனாவால் எழுதியிருந்தது, அவ்வளவே. ஆர்க்கல் விதை காய்ந்தால் தோல் சுருங்கி மேடும் பள்ளமுமாக இருக்கும். எனக்கு வந்தவையோ கோலிக்குண்டு போல வழவழவென்று, கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருந்தன. அறுபது விதையை இரவில் ஊறப்போட்டேன். காலையில் கிண்ணத்துத் தண்ணீர் பச்சையாகவும் பட்டாணி வெளுத்தும் இருந்தது. பூஞ்சாணக்கொல்லி தடவிய விதைக்கும் நிறம் உண்டுதான். ஆனால், அந்தப் பொட்டலத்தில் நஞ்சு என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்.

மனம் கேளாமல் அவற்றையே ஊன்றினேன். பதினேழு முளைத்தன. விற்றவரிடம் கேட்டதற்கு, “தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பீர்கள், பத்து நாள் பொறுங்கள்” என்றார். பொறுத்தேன். மீதியிலிருந்து இருபதை ஈரத்துணியில் முடிந்து, பக்கத்திலேயே மளிகைக் கடைச் சுண்டல் பட்டாணி இருபதையும் முடிந்து வைத்தேன். அவர் விதையில் ஆறு முளைவிட்டன. சுண்டல் பட்டாணியில் பதினொன்று! நம் நாட்டு விதைத் தர அளவுப்படி பட்டாணிக்குக் குறைந்தது 75 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும் என்று எழுதி, இரு முடிச்சுகளின் படத்தையும் அனுப்பினேன். அன்று மாலையே என் எண்ணை முடக்கிவிட்டார்.

பணத்தை விடப் பருவம் போனதுதான் எனக்கு வலிக்கிறது. பிழைத்த கொடிகள் தை மாதத்தில் காய்த்தன. உரித்துத் தின்றால் இனிப்பே இல்லை, வெறும் மாவு. அதன்பின் நல்ல விதையைத் தேடி ஊன்றினாலும் பங்குனியில்தான் பூக்கும். பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் பட்டாணிப் பூ உதிர்ந்துவிடும்.

விதை வாங்குவோர் பொட்டலத்தில் விவர அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டையும், விற்பவரே உறுதி கூறும் விதைக்கு இளம்பச்சை அட்டையும் இருக்கும். அட்டையையும் பணம் கட்டிய ரசீதையும் அறுவடை வரை எறியாதீர்கள். விதை ஆய்வாளரிடமோ, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிட அவை வேண்டும். என்னிடம் பேனா எழுத்துள்ள அந்தப் பைதான் இருக்கிறது.

கொடிகளை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிட்டேன். வேர் முடிச்சுகளில் உள்ள தழைச்சத்தாவது அடுத்து நடப்போகும் கீரைக்குக் கிடைக்கட்டும்.