கல்லில் வெட்டிய ஓட்டை: வெளிச் சமையலறையோடு ஆறு வருடம்

எங்கள் வீடு அமெரிக்காவின் டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில். 2019 மார்ச்சில் கொல்லைப்புறத்தில் வெளிச் சமையலறை கட்டினோம். பதினோரு அடி நீள மேடை, மேலே கிரானைட். இடது பக்கம் 36 அங்குல கேஸ் கிரில், வலது பக்கம் பெல்லட் ஸ்மோக்கர் (மரத்தூள் குச்சியை எரித்துப் புகையில் கறியை வேகவைக்கும் மின்சார அடுப்பு), நடுவில் ஒரு சைட் பர்னர் (பாத்திரம் வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்பு). எல்லாம் மேடைக்குள் பதித்தது. பார்க்க ஹோட்டல் மாதிரி இருந்தது. இன்று அந்தப் பெல்லட் ஸ்மோக்கர் இல்லை.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு வருடத்தில் நாங்கள் அதிகம் பயன்படுத்தியது கிரில்லையும் அல்ல, ஸ்மோக்கரையும் அல்ல; கடைசி நேரத்தில் "சரி, அதையும் போடுங்க" என்று சேர்த்த சைட் பர்னரைத்தான். கருவாட்டுக் குழம்பு, மீன் வறுவல், மிளகாய் வறுத்து அரைப்பது எல்லாம் வெளியே போய்விட்டது. வீட்டுக்குள் புகை அலாரம் அலறி வருடக்கணக்கில் ஆகிறது. வாரத்தில் நாலு நாள் அது எரியும். நம் ஆட்கள் யாராவது கட்டப்போகிறீர்கள் என்றால், கிரில்லில் நூறு டாலர் குறைத்தாவது சைட் பர்னரை நல்லதாக வாங்குங்கள். பெரிய பாத்திரம் ஆடாமல் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம்.

கேஸ் கிரில்லைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் அநேகமாக ஒட்டாது, விலை குறைந்த 430-இல் ஒட்டும். ஹூஸ்டன் ஈரத்துக்கு 304 இல்லாமல் சரிப்படாது. பக்கத்தில் நீச்சல் குளம் இருந்தால் குளோரின் வேறு அரிக்கும். மூடி, உடம்பு, கம்பி வலை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பர்னருக்கு மேலே கூடாரம் மாதிரி ஒரு தகடு இருக்குமே, கொழுப்பு சொட்டாமல் தடுப்பது, அதை மட்டும் பார்க்க விட்டுவிட்டேன். நாலாவது வருடம் அது செதில் செதிலாக உதிர்ந்தது. காந்தம் ஜம்மென்று ஒட்டியது.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. ஒரு வசந்த காலத்தில் நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக, சோம்பலாக எரிந்தது. கேஸ் அழுத்தம் குறைவு என்று நினைத்து ஆளைக் கூப்பிட இருந்தேன். பர்னர் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. பால் புட்டி கழுவும் பிரஷ்ஷை விட்டு இழுத்ததும் சரியாகிவிட்டது. இப்போது வருடம் இரண்டு முறை இழுக்கிறேன்.

இனி அந்தப் பெல்லட் ஸ்மோக்கர். அதன் வசதி பெரிய வசதிதான், மறுக்கவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைத் தொட்டியில் கொட்டி, 225 டிகிரி ஃபாரன்ஹீட் (107 செல்சியஸ்) என்று வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைத் தீக்கு ஊட்டும், விசிறி காற்று கொடுக்கும். முதல் இரண்டு வருடம் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), கோழி, ஆட்டுத்தொடை என்று வெளுத்து வாங்கினோம்.

ஆனால் அந்தக் குச்சி ஈரம் பட்டால் ஊதி மறுபடி மரத்தூளாகிவிடும். எங்கள் ஊர் கோடைக் காலையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். இரண்டு வாரம் தொட்டியில் கிடந்த குச்சி திருகுக்குள் களிமண்ணாக இறுகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி எடுத்தேன், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதுவாவது என் சோம்பல். 2022 ஆகஸ்டில் கட்டுப்பாட்டு போர்டே செத்துப்போனது. கம்பெனியைக் கேட்டால் அந்த மாடலை நிறுத்திவிட்டோம், உதிரிபாகம் கிடையாது என்றார்கள். சரி, புது மாடலே வாங்கிக்கொள்கிறேன் என்றால், அது ஒன்றேகால் அங்குலம் அகலம் அதிகம்.

ஒன்றேகால் அங்குலம்தானே என்று கிரானைட்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஓட்டைக்கு முன்னால் இருந்த மெல்லிய கீற்றைத் தட்டிப் பார்த்தார். வெட்டும்போது அது உடைந்தால் தான் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டு, கூலி 1,400 டாலர் என்றார். மூன்று வருடம் உழைத்த இயந்திரத்துக்காக முப்பது வருடம் உழைக்கிற கல்லை உடைப்பதா? கட்டும்போது நான் செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. கிரில் எது, எத்தனை பர்னர் என்று ஆறு மாதம் ஆராய்ந்தவன், ஓட்டையின் அளவு வேறு எந்தக் கம்பெனி சாமானுக்காவது பொருந்துமா என்று ஒரு நாள் பார்க்கவில்லை.

கடைசியில் வலது பக்கக் கிரானைட் பலகையை முழுதாக எடுத்து, அந்த இடத்தில் மேடையைத் தாழ்த்தி, சிமென்ட் கல் மேல் ஒரு கமாடோவை உட்கார வைத்தோம். முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு. மூலம் ஜப்பான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கே கொண்டு வந்தது. மின்சாரம் வேண்டாம், போர்டு கிடையாது, திருகு கிடையாது. கீழே ஒரு காற்று வாய், மேலே ஒன்று, அவ்வளவுதான். இரண்டையும் விரல் அகலத்துக்கு மட்டும் திறந்து வைத்தால் ஒரு கூடைக் கரியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று எரிகிறது. 2023 கோடையில் வந்திருந்த அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்ப்பா, இது நம்ம குமுட்டி அடுப்புக்கு மூடி போட்டதுதானே? இதுக்கா இவ்வளவு டாலர்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இதிலும் சொதப்பினேன். மூடியைத் திறந்தால் பின்பக்கக் கீல் கொஞ்சம் பின்னால் போய் இறங்கும். அதற்கு இடம் விடவில்லை. முதல் நாளே பின்சுவர் டைலில் மோதி டைல் விரிசல் விட்டது. நாலு அங்குலம் முன்னால் இழுத்தோம். எடை எழுபது கிலோவுக்கு மேல், இரண்டு பேர் மூச்சு வாங்கினோம். காற்று வாய் மூடியிருக்கும்போது மூடியைச் சட்டென்று திறக்கவே கூடாது. உள்ளே பட்டினி கிடந்த தீ காற்றுப் பட்டதும் முகத்துக்குப் பாயும். என் வலது புருவம் ஒரு மாதம் பாதியாக இருந்தது. அப்புறம், சூடு தாண்டிவிட்டால் இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரும்போதே காற்றை ஒடுக்கிவிடுவேன்.

டெக்சஸ் முறைப் பிரிஸ்கெட்டுக்கு உப்பும் மிளகும் மட்டும்தான். மிளகு வறுவல் தின்று வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. கறிக்குள் சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் வந்ததும் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிடும். மேலே ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வரும் நிலை அது, நமக்கு வேர்ப்பது போல. பதறிப்போய்க் காற்றைத் திறந்துவிடாதீர்கள். காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தால் 203-இல் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும்.

2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்களுக்கு ஐந்து நாள். உறைபெட்டியில் இருந்த கறி, மீன் எல்லாம் உருக ஆரம்பித்ததும், பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் பொட்டலங்களோடு எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். கமாடோவில் தணல் அணையவே இல்லை. சைட் பர்னரில் சோறு. அதே தெருவில் இருந்த இரண்டு பெல்லட் ஸ்மோக்கர்களும் மின்சாரம் இல்லாமல் உறை போர்த்தி நின்றன.

கசியும் கேஸ் வெளியேற மேடையில் காற்றுத் துளை வைக்கும்போது உங்கள் கேஸ் எது என்று பாருங்கள். குழாயில் வருவது காற்றைவிட லேசு, துளை மேலே இருக்க வேண்டும். சிலிண்டர் புரோப்பேன் கனம், தரையோடு தேங்கும், துளை கீழே வேண்டும். எங்களுக்கு முதலில் தப்பாக வைத்திருந்தார்கள், கேஸ் பிளம்பர் கண்டுபிடித்துச் சொன்னார்.

கேஸ் கிரில்லுக்கும் ஒரு நாள் முடிவு வரும். போன மாதம் டேப்பை எடுத்து அதன் ஓட்டையை அளந்து, இப்போது விற்கும் மாடல்களோடு ஒப்பிட்டேன். இரண்டு பொருந்துகின்றன. அகலம், ஆழம், உயரம் மூன்றையும் கீழ்க்கதவின் உட்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.