செயற்கைக் காலுக்கா, ஆய்வுக்கா?

அம்மம்மாவின் திவசத்தன்று எங்கள் திருகோணமலை வீட்டில் வருடாவருடம் ஒரு தொகையைத் தருமத்துக்கு ஒதுக்குவோம். இம்முறை போரில் கால் இழந்தவர்களுக்கு என்று முடிவாயிற்று. சரி, செயற்கைக் காலுக்குக் கொடுப்பதா, மருத்துவ ஆய்வுக்கா?

காலின் பலன் உடனே தெரியும். 1968இல் ஜெய்ப்பூரில் உருவான ரப்பர் பாதத்தோடு வெறுங்காலாய் நடக்கலாம், குந்தியிருக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். ஆனால் அது தேயும். சில வருடங்களில் மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே கொடுங்கள்.

ஆய்வுக்குப் போகும் காசு எப்போது பலிக்கும் என்று நாள் குறிக்க முடியாது. பலித்தால் அதற்கு எல்லையும் இல்லை. உதாரணமாக, கால் இழந்தவர் பலருக்கு இல்லாத அந்தக் காலிலேயே இரவெல்லாம் வலிக்கும்; என் சித்தப்பாவுக்கும் அதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிட்செல், 1871இல் இந்த நோவை விவரித்து எழுதினார். 1990களில், தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் அதற்குக் கண்ணாடி வைத்தியம் கண்டார். நல்ல உறுப்பின் பிம்பத்தைக் காட்டி, இழந்தது அசைவதாக மூளையை நம்பவைப்பது. அமெரிக்காவின் வோல்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் செய்த சோதனையில் வலி குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. படையினரிடம் சோதித்த அந்த வழி நிலாவெளி மீனவருக்கும் உதவும். தேவை ஒரு நிலைக்கண்ணாடி.

மாதாமாதம் கொடுக்கக்கூடியவர்கள் ஆய்வுக்குக் கொடுக்கலாம், அது வருடக்கணக்கில் ஓடும் வேலை. எங்களிடம் இருப்பது ஒருமுறைத் தொகை, அதனால் காலுக்கே கொடுக்கிறோம். சித்தப்பாவுக்குக் கண்ணாடி வாங்கியாயிற்று.