தக்காளி நாற்று வாங்கும் முன் வேரைப் பாருங்கள்

தக்காளி நாற்று விலைக்கு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஒரு பருவம் முழுவதும் வீணாகி, தொட்டி மண்ணும் கெட்டுவிட்டது.

வழக்கமாக நானே விதை போட்டு நாற்று எடுப்பேன். இந்த முறை நாள் தவறிவிட்டதால் ஒரு நாற்றுப் பண்ணையில் 12 செடிகள் வாங்கினேன். உள்ளங்கை அகலத் தொட்டியிலேயே பூவும் பிஞ்சுமாக நின்றன. "மண்ணைச் சுத்தப்படுத்தித்தான் நிரப்புகிறோம், எந்த நோயும் வராது" என்று அடித்துச் சொன்னார் விற்றவர். சின்னத் தொட்டியில் காய் பிடித்த நாற்று என்றால் வயது ஏறி, உள்ளே வேர் சுருண்டு கிடக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் ஒழுங்காக இருந்தன. அப்புறம் உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் நிமிர ஆரம்பித்தன. தண்ணீர் கூட்டிப் பார்த்தும் மாற்றமில்லை. அடி இலைகள் மஞ்சளாகி, வளர்ச்சி நின்றது. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் முழுக்க மணி கோத்ததுபோல் வீக்கம். வேர்முடிச்சு நூற்புழு! மண்ணில் இருந்து வேருக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு இது. அதுவும் நாற்றோடு வந்த மண்கட்டிக்குள்தான் அதிகம். நான் நிரப்பிய மண்ணில் ஓடிய வேர்களில் குறைவு. அதே கலவையில் நான் வளர்த்த மிளகாய்ச் செடியின் வேர் சுத்தமாக இருந்தது.

செடியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது: "இது நல்ல முடிச்சு. நிலக்கடலை வேரில் இருக்குமே, அதுபோலத் தழைச்சத்து பிடித்துத் தரும்." அப்பட்டமான பொய். அந்த முடிச்சு தக்காளியில் வரவே வராது. நிலக்கடலை, அவரை வேரில் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு வீக்கத்தில் வேரே உப்பிப்போகிறது, தனியாகப் பிரிக்க முடியாது. இதைச் சொன்னதும், "நீங்கள் தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்" என்று பேச்சை மாற்றினார். பணமும் திரும்பி வரவில்லை.

செடி போனதைவிட மண் போனதுதான் எனக்கு வலிக்கிறது. அந்த மண்ணில் இப்போது கத்தரி, வெண்டை எதையும் நம்பி நட முடியாது, இந்தப் புழு அவற்றையும் பிடிக்கும். மண்ணை ஈரமாக்கி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் இறுக்க மூடி வெயிலில் வைத்திருக்கிறேன். நல்ல வெயில் காலத்தில் 4 முதல் 6 வாரம் இப்படி இருந்தால் புழு பெருமளவு குறையும், முழுவதும் ஒழியாது.

நாற்று வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைத் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக, சீரான நூல்போல் இருக்க வேண்டும். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

அந்த 12 நாற்றில் இரண்டைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நானே கொடுத்திருந்தேன். நேற்று இருவரும் சேர்ந்து அவற்றையும் பிடுங்கினோம். அங்கேயும் அதே வீக்கம்.